வணிக முகாமைத்துவமும் தொழில்நுட்பமும் சேர்ந்த கலாநிதிப் பட்டம்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொறியியல், விவசாயம், விஞ்ஞானம், கணினி என்று ஏதோ ஒன்றில் இளமாணிப் பட்டம். அப்புறம் வேலை, வேலையோடு ஒரு எம்.பி.ஏ. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு "இனி பிஎச்.டி செய்யலாமா?" என்று கேட்பவர்கள் கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் இப்போது நிறையப் பேர். முகாமைத்துவப் பீடத்தில் படித்துவிட்டுத் தொழில்நுட்பம் பற்றி ஆராய விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி இரு சாராருக்கும்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு துறை சேர்ந்த ஆய்வுகள் பல இடையில் நின்றுபோவதற்குக் காரணம், எந்தத் துறையும் அதைத் தன்னுடையது என்று ஏற்காததுதான். விஞ்ஞானப் பக்கத்துப் பரீட்சகர் "இது வெறும் கருத்துக்கணிப்பு" என்பார். முகாமைத்துவப் பக்கத்துப் பரீட்சகர் "இது இயந்திர விபரம், இதில் கோட்பாடு எங்கே?" என்பார். எனவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: என் ஆய்வில் கிடைக்கும் புதிய அறிவு எந்தத் துறைக்குப் போய்ச் சேர்கிறது?

படி 1: எந்தப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம், எம்.பில் எனப்படும் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், ஆய்வோடு கூடிய முதுமாணி 10ஆம் மட்டம். பாடநெறியை மட்டும் படித்து முடித்த முதுமாணி 9ஆம் மட்டத்தில் நிற்கும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். உங்கள் எம்.பி.ஏ.யில் ஆய்வேடு இருந்ததா, இல்லையா என்று சான்றிதழையும் பெறுபேற்றுப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் முதலில் எம்.பில்லுக்குப் பதிந்து, முன்னேற்றத்தைக் காட்டிக் கலாநிதிப் பட்டத்துக்கு உயர்த்திக்கொள்ளும் வழியே பெரும்பாலும் திறந்திருக்கும். முழுநேரமாகச் செய்தாலும் கலாநிதிப் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருட ஆய்வு வேண்டும். பகுதிநேரமென்றால் அதைவிடக் கூட.

டி.பி.ஏ எனப்படும் வணிக நிர்வாகக் கலாநிதிப் பட்டம் என்றொன்றும் உண்டு. ஒரு நிறுவனத்தின் நடைமுறைப் பிரச்சினையை ஆய்வு முறையில் தீர்க்க விரும்பும் மேலாளருக்கு அது பொருந்தும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக விரும்புகிறவர் பிஎச்.டி பக்கமே போவது நல்லது.

"ஒரே வருடம், வீட்டிலிருந்தே, ஆய்வேடு சிறியது" என்று வரும் விளம்பரங்களை இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதுவானாலும், காசு கட்டுவதற்கு முன் அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். முகவர் வாயால் சொல்வது பதவியுயர்வு நேர்முகத்தில் செல்லாது.

படி 2: தாய்த்துறையைத் தேர்ந்தெடுங்கள்

இதை விளக்க நம் மண்ணிலுள்ள ஒரு பிரச்சினையையே எடுக்கிறேன்: ஈர நெல்.

வெட்டு மெஷின் வந்தபிறகு அறுவடையும் சூடடிப்பும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. முன்பு வெட்டிய கதிர் வயலிலும் களத்திலும் கிடந்து காயும். இப்போது 20 வீதத்துக்கு மேல் ஈரப்பதத்தோடு நெல் மூடைக்குள் போகிறது. பழுதாகாமல் வைக்க வேண்டுமென்றால் அது 13, 14 வீதத்துக்கு இறங்க வேண்டும். பெரும்போக அறுவடையின்போது வடகீழ்ப் பருவமழையின் வால் இன்னும் இருக்கும். தார் வீதியிலும் சீமெந்துத் தளத்திலும் காயப்போட்ட நெல்லின் மேல் மழை விழும். உலர்த்தி எனப்படும் நெல் காயவைக்கும் இயந்திரம் உள்ள ஆலைக்காரரிடம் ஈரத்தோடு விற்பதைவிட வேறு வழி தெரியாமல் விவசாயி விற்றுவிடுகிறார்.

இந்த ஒரே பிரச்சினையிலிருந்து மூன்று விதமான ஆய்வேடுகள் வரலாம்.

முதலாவது, தொழில்நுட்பம் தாய்த்துறை. உமியை எரித்து ஓடும் சிறிய உலர்த்தி ஒன்றின் வெப்பப் பயன்பாட்டைக் கூட்டுவது எப்படி, அரிசி முறிவு எவ்வளவு குறைகிறது என்பது கேள்வி. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி என்பதால் எரிபொருள் ஆலையிலேயே கிடக்கிறது. இங்கே முகாமைத்துவம் துணைக்கு வரும்: முதலீடு எத்தனை போகத்தில் திரும்பும், வருடத்தில் சில வாரங்கள் மட்டும் ஓடும் இயந்திரத்தின் செலவை எப்படிக் கணக்கிடுவது.

இரண்டாவது, முகாமைத்துவம் தாய்த்துறை. உலர்த்தி இலாபம் தரும் என்று தெரிந்தும் பல ஆலைக்காரர்கள் ஏன் வாங்குவதில்லை? ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து ஒன்றை வாங்கினால் அது ஏன் நின்றுபோகிறது? இங்கே உலர்த்தியின் கொள்ளளவும் எரிபொருள் செலவும் துணைத் தரவுகள்.

மூன்றாவதுதான் உண்மையான கலப்பு, எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். விற்கும் இடத்தில் ஈரப்பதத்தை அளக்கும் கருவி பெரும்பாலும் வாங்குபவர் கையில். விவசாயிக்கு இருப்பது பல்லில் கடித்துப் பார்க்கும் அனுபவம். ஒரு பக்கத்துக்கு மட்டும் தகவல் தெரிந்திருந்தால் சந்தை எப்படிக் கெடும் என்பதை ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் எழுதினார். 2001இல் அவருக்குப் பொருளியலுக்கான நொபெல் பரிசில் பங்கு கிடைத்தது. குறைந்த விலையில், நம் நெல்லினங்களுக்குச் சரியாக அளவுதிருத்திய ஈரப்பதமானி ஒன்றை விவசாயியின் கையில் கொடுத்தால் விலை மாறுமா? கருவியைத் திருத்துவது விஞ்ஞானம். விலை மாறுகிறதா என்று கள ஆய்வில் பார்ப்பது முகாமைத்துவம். ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது.

இந்த மூன்றாவது வகையிலும் ஒரு தாய்த்துறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "இரண்டும் சம அளவு" என்று முன்மொழிவில் எழுதினால் எந்தப் பீடத்தின் உயர்பட்டக் குழுவும் அடுத்த பீடத்தைக் கைகாட்டும்.

(இரு துறை ஆய்வு இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழ் யாழின் சுரங்களை அவர் அணுகியது கணிதத்தோடுதான்.)

படி 3: பிரச்சினையை வெளியே போய்ப் பாருங்கள்

தலைப்பை இணையத்தில் தேடுவதற்கு முன் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆலைகளுக்கு ஒரு சுற்றுப் போங்கள். நெல் வேண்டாமென்றால் வேறு இருக்கிறது. வாழைச்சேனைத் துறைமுகத்து ஆழ்கடல் படகுகளில் ஐஸ் எவ்வளவு போகிறது, பிடித்த மீனின் தரம் கரைக்கு வரும்போது எப்படி, அந்தத் தரத்துக்கு விலையில் வித்தியாசம் கிடைக்கிறதா? மருதமுனைக் கைத்தறியில் வடிவமைப்பைக் கணினியில் செய்தால் நெசவாளியின் வருமானம் கூடுமா, இடைத்தரகரின் வருமானம் கூடுமா? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் காலையில் கறந்த பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம், அதில் பெருகும் பக்டீரியா, சேகரிப்பு வண்டியின் பாதை என்று ஒரு பால் சங்கிலியே முழு ஆய்வேட்டுக்குப் போதும். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. வாயிலில் மணல் சேர்வதும் பக்கத்துக் கரை அரிக்கப்படுவதும் ஊரறிந்த சங்கதி. கரையோரப் பொறியியலும் பொது முதலீட்டு முகாமைத்துவமும் அங்கே நேருக்கு நேர் நிற்கின்றன.

ஒரு தலைப்பை நான் துணிந்து வேண்டாம் என்பேன்: "கிழக்கு மாகாண வாடிக்கையாளர் இணைய வங்கிச் சேவையை ஏற்பதில் தாக்கம் செலுத்தும் காரணிகள்" போன்றவை. ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை எடுத்து, முந்நூறு வினாக்கொத்து நிரப்பி, மென்பொருளில் போட்டு, "பயனுள்ளது என்று நினைப்பவர் பயன்படுத்துகிறார்" என்று முடிக்கும் ஆய்வுகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. இடத்தின் பெயரை மாற்றினால் அறிவு புதிதாகிவிடாது.

படி 4: இரண்டு மேற்பார்வையாளர்கள்

தாய்த்துறையிலிருந்து பிரதான மேற்பார்வையாளர், மற்றத் துறையிலிருந்து இணை மேற்பார்வையாளர். இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் அவர் கடைசி ஐந்து வருடத்தில் என்ன எழுதினார், எத்தனை மாணவர்களை முடிக்க வைத்தார் என்று விசாரியுங்கள். விசாரிக்கச் சிறந்த ஆள் அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்.

முதல் மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பிரச்சினை என்ன, ஏன் அவரை அணுகுகிறீர்கள், உங்களுக்கு எந்தத் தரவு எட்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும். கடைசியில் சொன்னதுதான் உங்கள் பலம். ஆலைக்காரரோடு தமிழில் பேசி உள்ளே போக முடிந்த ஆய்வாளர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பேராசிரியருக்கு எளிதில் கிடைப்பதில்லை. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதிலில்லையா, சரி, அடுத்தவரிடம் போகலாம்.

இருவரும் சம்மதித்தபிறகு மூவரும் ஒரே மேசையில் ஒருமுறையாவது உட்காருங்கள். ஆளுக்கொரு திசையில் இழுப்பது முதல் வருடத்தில் தெரியாது, மூன்றாம் வருடத்தில்தான் தெரியும்.

படி 5: எங்கே பதிவது

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. வர்த்தக முகாமைத்துவம், விவசாயம், விஞ்ஞானம், தொழில்நுட்பம் என்று பீடங்கள் அங்கே இருக்கின்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், 1995இல் கல்லூரியாகி 1996இல் பல்கலைக்கழகமானது. முகாமைத்துவ வர்த்தகம், பொறியியல், தொழில்நுட்பப் பீடங்களோடு சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும் உண்டு. களம் பக்கத்தில் இருப்பது பெரிய சேமிப்பு. உங்கள் தலைப்புக்கு உரிய மேற்பார்வையாளர் அங்கே இருந்தால் வெளியே போகத் தேவையில்லை.

வெளியே போவதென்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப முகாமைத்துவத்துக்குப் பழைய அடித்தளம் இருக்கிறது. விவசாயத் தொழில் சார்ந்ததென்றால் பேராதனையிலுள்ள விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனம். முகாமைத்துவம் தாய்த்துறையென்றால் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, கொழும்பிலுள்ள பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம்.

இந்தியாவில் பெங்களூரு இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் முகாமைத்துவத் துறையும் சென்னை ஐ.ஐ.டி.யின் முகாமைத்துவத் துறையும் பொறியியல், விஞ்ஞானப் பின்னணி உள்ளவர்களுக்குப் பொருத்தமானவை. கணிதம் பலமாக இருக்க வேண்டும். ஜப்பானின் ஜெய்ஸ்ட் நிறுவனத்தில் அறிவு விஞ்ஞானம் என்ற பெயரிலேயே இந்தக் கலப்புக்கு இடமுண்டு. பாங்கொக் அருகே 1959இல் உருவான ஆசியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொறியியல் பிரிவும் முகாமைத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன.

படி 6: காசும் லீவும்

உள்ளூர் நிதிக்குத் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை இரண்டையும் பாருங்கள். பல நேரங்களில் மானியம் கிடைப்பது மேற்பார்வையாளருக்கு. அந்தத் திட்டத்துக்குள் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து அதே வேலையைப் பட்டத்துக்குப் பதியலாம். புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதைவிட இது பலருக்குச் சரிவரும். இந்தியாவுக்கு அந்நாட்டுக் கலாசார உறவுகள் பேரவையின் ஐ.சி.சி.ஆர் புலமைப்பரிசிலும் ஜப்பானுக்கு அந்நாட்டுக் கல்வி அமைச்சின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலும் உண்டு. மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் பிரிவில் 35 வயது எல்லை இருக்கிறது, எம்.பி.ஏ முடித்துப் பத்து வருடம் கழித்து யோசிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அரச ஊழியர்கள் கற்றல் விடுமுறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். எத்தனை வருடம் சேவையில் நிற்க வேண்டும் என்ற பிணைமுறியை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

படி 7: முன்மொழிவு எழுதுதல்

முதல் பக்கத்திலேயே பிரச்சினை, இடைவெளி, கேள்வி மூன்றும் வந்துவிட வேண்டும். "தொழில்நுட்பம் இன்றைய உலகில்..." என்று தொடங்கும் பந்தியை வெட்டிவிடுங்கள்.

கோட்பாட்டில் ஒன்றை ஆழமாக எடுங்கள். புதுமை எப்படிப் பரவுகிறது என்பதற்கு எவரெட் ரொஜர்ஸ் 1962இல் தந்த சட்டகம், வெளியிலிருந்து வரும் அறிவை ஒரு நிறுவனம் உள்வாங்கும் திறன் பற்றிக் கோஹனும் லெவிந்தாலும் 1990இல் எழுதியது, மாறும் சூழலில் நிறுவனத் திறன்கள் பற்றி டீஸ், பிசானோ, ஷுன் மூவரும் 1997இல் எழுதியது எல்லாம் இந்தப் பகுதியில் அடிக்கடி வரும் பெயர்கள். ஆனால் பெரிய கம்பனிகளைப் பார்த்து எழுதப்பட்ட கோட்பாடு, தகப்பனும் இரண்டு மகன்மாரும் நடத்தும் ஒரு அரிசி ஆலைக்கு எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது? அந்தப் பொருந்தாமையைக் காட்ட முடிந்தால் உங்கள் பங்களிப்பு அதுதான்.

முறையியலில் இரு பக்கத்து அளவைகளும் எப்படிச் சந்திக்கின்றன என்று ஒரு வரைபடமாவது போடுங்கள். உலர்த்தி உதாரணத்தில், ஆய்வுகூடத்தில் கிடைக்கும் ஈரப்பதம், நேரம், எரிபொருள் மூன்றும் தேறிய இன்றைய பெறுமதிக் கணக்கில், அதாவது வருங்கால வரவு செலவை இன்றைய காசு மதிப்புக்கு மாற்றிப் பார்க்கும் கணக்கில், உள்ளீடாகின்றன. அறுவடை நாட்களில் ஆலை வாசலில் நிற்கும் உழவு இயந்திரங்களின் நிரையை வரிசைக் கோட்பாட்டில் கணித்தால் உலர்த்தியின் சரியான கொள்ளளவு வரும்.

படி 8: போகத்தை வைத்து நாட்காட்டி போடுங்கள்

கால அட்டவணையை எல்லோரும் ஜனவரி முதல் டிசம்பர் வரை போடுகிறார்கள். நெல் ஆய்வுக்கு அது சரிவராது. மூன்று வருடத்தில் ஆறு அறுவடைதான். முதல் அறுவடை முன்மொழிவும் அனுமதியும் எடுப்பதற்குள் போய்விடும். இரண்டாவதில் முன்னோட்டம். மூன்றாவதும் நான்காவதும்தான் பிரதான தரவு. ஐந்தாவது, மழையோ வெள்ளமோ ஏற்கெனவே ஒன்றைக் கெடுத்திருந்தால் கைகொடுக்க. ஆறாவது வரும்போது நீங்கள் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பெரும்போகத் தரவையும் சிறுபோகத் தரவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மழையும் விலையும் இரண்டிலும் வேறு. 2021 போல உரத்தடை ஒன்று வந்து ஒரு போகமே புரண்டுபோகவும் கூடும். அப்படி வந்தால் அதை இடையூறாக நினைக்காமல் ஒப்பிடும் வாய்ப்பாக எடுக்கலாம்.

மீன்பிடிக்கு வேறு கணக்கு. கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவக் காற்று மாதங்களில் சின்னப் படகுகள் பல நாள் கரையிலேயே நிற்கும்.

படி 9: களத்தில்

நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் ஒரு வினாக்கொத்தும் கொடுக்காதீர்கள். பிற்பாடு எடுத்த அனுமதியைச் சஞ்சிகைகள் ஏற்பதில்லை.

ஆலைகளின் பட்டியலுக்கு மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், நெல் சந்தைப்படுத்தும் சபை மூன்றிடமும் கேட்டு ஒப்பிடுங்கள். ஒன்றில் இருப்பது மற்றதில் இராது. விவசாயிகளுக்குக் கமநல சேவை நிலையம். ஆனால் கடிதத்தோடு மட்டும் போனால் வாசலில் தேத்தண்ணி கிடைக்கும், தகவல் கிடைக்காது. வயலுக்கு நீர் பங்கிடுவதைப் பார்க்கும் வட்டவிதானை அல்லது விவசாய அமைப்பின் தலைவர் ஒருவர் கூட வந்தால் கதை வேறு.

இலாபம் எவ்வளவு என்று எந்த ஆலைக்காரரும் சொல்ல மாட்டார். வரிக்காரர் என்று நினைப்பார். ஆகவே நேரே கேட்காதீர்கள். மின்பட்டியல், ஒரு நாளில் எரியும் உமி, ஓடும் மணித்தியாலம், முறிந்த அரிசியின் பங்கு ஆகியவற்றை அளந்து நீங்களே கணக்கிடுங்கள். விஞ்ஞானப் பயிற்சி முகாமைத்துவ ஆய்வுக்குக் கொடுக்கும் பெரிய உதவி இதுதான்: சொன்னதை எழுதாமல், நடப்பதை அளப்பது. நெல்லின் ஈரத்தை ஒரே மானியால் அளந்தால் போதாது. மாதிரிகளை ஆய்வுகூடத்து அடுப்பில் உலர்த்தி நிறுத்து, மானியின் பிழையைப் பதிவு செய்யுங்கள்.

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு தமிழில் நடக்கும், அம்பாறை நகரப் பக்கம் போனால் சிங்களமும் வேண்டும். வினாக்களைத் தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்துவிட்டே அச்சிடுங்கள். நேர்காணல் பதிவுகளை அந்தந்த வாரமே எழுத்தாக்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் யார், எந்த ஆலை, எந்த நாள் என்பது குழம்பிவிடும்.

படி 10: வெளியிடுதல்

இரு துறைக்கும் வெவ்வேறு பழக்கம். தொழில்நுட்பப் பக்கத்தில் மாநாட்டுக் கட்டுரைக்கும் ஓரளவு மதிப்புண்டு. முகாமைத்துவப் பக்கத்தில் சஞ்சிகைக் கட்டுரைதான் பேசும், மீளாய்வுக்கு ஒரு வருடம் போவதும் சாதாரணம். ஆகவே உலர்த்தியின் செயற்றிறன் பற்றிய கட்டுரையை முதலில் அனுப்புங்கள். நம் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் நடக்கும் ஆய்வரங்குகள் முதல் ஒத்திகைக்கு நல்ல இடம். "மூன்று நாளில் வெளியிடுவோம், கட்டணம் இவ்வளவு" என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். ஆய்வுச் சஞ்சிகைகளைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் உள்ளது என்று சஞ்சிகையே சொன்னால் நம்பாமல், ஸ்கோபஸின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். ஒரு காலத்தில் இருந்து பின்னர் நீக்கப்பட்டவையும் பழைய முத்திரையைக் காட்டிக்கொண்டு திரிகின்றன.

படி 11: ஆய்வேடும் வாய்மொழிப் பரீட்சையும்

விஞ்ஞான அத்தியாயங்களை முன்னும் முகாமைத்துவ அத்தியாயங்களைப் பின்னும் போட்டு நடுவில் கட்டினால் அது இரண்டு அரை ஆய்வேடுகள். கேள்விகளின் ஒழுங்கில் அத்தியாயங்களை வையுங்கள், ஒவ்வொன்றிலும் இரு துறையும் வரட்டும்.

பரீட்சகர்கள் இரு துறையிலிருந்தும் வருவார்கள். உங்கள் தாய்த்துறைக்கு வெளியே உள்ளவர்தான் அடிப்படைக் கேள்வி கேட்பார்: "ஈரப்பதத்தை ஏன் இந்த முறையில் அளந்தீர்கள்?", "இந்த ஆலைகள் மற்ற ஆலைகளைப் பிரதிநிதித்துவம் செய்கின்றனவா?" தாய்த்துறைக்காரரோ "இதில் எங்களுக்குப் புதிதாக என்ன?" என்பார். அதற்கு இரண்டே வசனத்தில் பதில் தயாராக இருக்க வேண்டும். மற்றத் துறையிலுள்ள நண்பர் ஒருவரைப் பரீட்சகராக உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள். தெரியாததற்கு "அது என் ஆய்வின் எல்லைக்கு வெளியே, காரணம் இது" என்று சொல்லலாம், சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வி அதிலிருந்தே வரும்.

திருத்தங்கள் கட்டாயம் வரும். பரீட்சகரின் ஒவ்வொரு குறிப்பையும் ஒரு அட்டவணையில் எழுதி, எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று எதிரே குறித்து மேற்பார்வையாளர் இருவரிடமும் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். கால எல்லை மாதக் கணக்கில்தான் தருவார்கள், அதற்குள் வேலைக்குத் திரும்பிவிட்டால் இழுபடும். லீவு முடிவதற்கு முன்னரே வாய்மொழிப் பரீட்சை வரும்படி திகதியைக் கேட்டு வாங்குங்கள்.